தலை சுற்றினால் டாக்டர் கண்ணைப் பார்ப்பது ஏன்?

ஒரு சின்ன விளையாட்டு. கையில் இருக்கும் போனை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிக்கொண்டே இந்த வரியைப் படித்துப் பாருங்கள். எழுத்துகள் கலங்கும். இப்போது போனை அசைக்காமல், 'இல்லை, இல்லை' என்பதுபோல அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். எழுத்து அப்படியே நிற்கும்! (கழுத்து வலி உள்ளவர்கள் இந்த ஆட்டத்துக்கு வர வேண்டாம்.)

இந்த வேலையைச் செய்வது உள்காது. ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பியதும் திரவத்தின் அசைவு நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. உடனே கண்கள் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன. ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால், அதில் ஏறக்குறைய ஒரு பங்கு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எலும்புக்குள் புதைந்திருக்கும் இந்தக் குழல்களை டார்ச் அடித்துப் பார்க்க முடியாது. ஆனால், கண்ணைப் பார்த்துக் காதைத் தெரிந்துகொள்ளலாம். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் இதைக் கவனித்தார். நோயாளியின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினால் தலை சுற்றியது, கண்கள் துடித்தன. வெதுவெதுப்பு கூடிய நீரை விட்டால் துடிப்பின் திசை மாறியது. அந்தச் சோதனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1914-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி!

தண்ணீரும் வேண்டாம், கருவியும் வேண்டாம் என்கிற சோதனை ஒன்றை 1988-ல் சிட்னியைச் சேர்ந்த ஹல்மாகியும் கர்தாய்ஸும் விவரித்தார்கள். நோயாளி, டாக்டரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டாக்டர் அவர் தலையை இரு கைகளாலும் பிடித்து, சட்டென்று கொஞ்சமே கொஞ்சம் ஒரு பக்கம் திருப்புவார். உள்காது சரியாக இருந்தால் பார்வை மூக்கைவிட்டு நகராது. பழுதான பக்கம் திருப்பினால், கண் தலையோடு சேர்ந்து போய்விட்டு, பிறகு ஒரு துள்ளு துள்ளி மூக்குக்குத் திரும்பும்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. திடீரென ஆரம்பித்து மணிக்கணக்கில் நிற்காமல் சுற்றல், வாந்தி, தள்ளாட்டம், கண் துடிப்பு என்று ஒருவர் வருகிறார். உள்காது நரம்பின் அழற்சியாக இருக்கலாம். அது மெல்லச் சரியாகும். சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ வந்த பக்கவாதமாகவும் இருக்கலாம். கண் துள்ளினால் கோளாறு பெரும்பாலும் காதில். துள்ளாமல் நின்றால்தான் டாக்டரின் முகம் மாறும். காது நன்றாக இருக்கும்போது தலை ஏன் சுற்ற வேண்டும்? மற்ற சோதனைகளில் 'நார்மல்' என்றால் நிம்மதி. இங்கே கதை தலைகீழ்.

இது ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. சில பக்கவாதங்களிலும் கண் துள்ளும். அதனால் பார்க்கும் பக்கத்துக்கு ஏற்பக் கண் துடிப்பின் திசை மாறுகிறதா, ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். முதல் இரண்டு நாள்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்கூடத் தெரியாத சில பக்கவாதங்களை, பயிற்சி பெற்ற டாக்டர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடித்ததாக 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது.

படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடி சுற்றுவது வேறு ரகம். உள்காதில் இடம் மாறிப்போன நுண்ணிய படிகங்களின் சேட்டை அது. அதற்குத் தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் சோதனை தனியாக உண்டு. சிகிச்சையும் பெரும்பாலும் தலையை முறைப்படி திருப்பிவைப்பதுதான்.

நம் வீடுகளில் தலைச்சுற்றல் என்றாலே பித்தம், கழுத்துத் தேய்மானம், 'ஒரு எலுமிச்சை ஜூஸ் குடி' என்று முடித்துவிடுகிறார்கள். நிற்காத சுற்றலோடு பேச்சுக் குளறல், இரட்டைப் பார்வை, முகக் கோணல், எழுந்து நிற்கவே முடியாத தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ஜூஸ் பிழிய நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். இதைப் படித்துவிட்டு, தாத்தாவின் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.