இரவுப் பணியில் எத்தனை பேர்? முதியோர் இல்லக் குடும்பங்களின் வேண்டுகோள்



பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போய்ப் பார்த்து வருகிற குடும்பங்கள் நாங்கள். எங்களைப் போன்றவர்கள் இனி பெருகத்தான் போகிறார்கள். 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள் என்று கணித்தது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை. பெரிய மாநிலங்களில் நமக்கு மேலே இருந்தது கேரளம் மட்டுமே.

இல்லம் பார்க்கப் போகும்போது அறையில் காற்றோட்டம் உண்டா, கழிவறையில் கைப்பிடி உண்டா, சாப்பாடு எப்படி, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வருமா என்று கேட்கிறோம். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அம்மாவைக் குளிப்பாட்டப் போகிற ஆயாம்மா முந்தின இரவு தூங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. அதையும் கேளுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும் என்பார்கள் செவிலியர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு வார்டில் பத்துப் பேர், இரவில் ஒரே ஆயாம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். புரட்டி, டயப்பர் மாற்றி, ஈரத்துணியால் துடைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுக்க ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒரு சுற்று முடியவே இரண்டரை மணி நேரமாகிவிடும். நடுவில் ஒரு தாத்தா தண்ணீர் கேட்பார், மறதி நோய் வந்த பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுவார். எழுபது கிலோ உடம்பைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாய்ப் புரட்டினால் அந்தப் பெண்ணின் இடுப்பு போய்விடும். காலையில் மாற்று ஆள் வராவிட்டால் பகல் ஷிஃப்டும் அவர் தலையில்தான். அதன்பிறகு அவர் பொறுமையாகப் பேசவில்லை என்று நாம் குறைபட்டுக்கொள்வதில் என்ன நியாயம்?

இதைவிடக் கவலை தருவது பணியாளர்களின் பயம். ஒரு பெரியவர் கழிவறையில் வழுக்கி விழுகிறார். சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலையே போகும் என்ற நிலை இருக்குமானால், தூக்கி உட்காரவைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கவே தோன்றும். இடுப்பெலும்பு முறிந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். விழுந்ததை உடனே சொன்னவரை முதலில் பாராட்டிவிட்டு, தரை ஏன் ஈரமாக இருந்தது என்று விசாரிக்கிற நிர்வாகம் வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது, இன்று யார் சாப்பிடவில்லை, யார் அழுதார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் பத்து நிமிடம் வேண்டும். மூன்று வருடம் கையால் சோறு ஊட்டிய பாட்டி இறந்துபோனால், மறுநாளே அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிடுகிறார். ஊட்டிய கைக்கும் துக்கம் உண்டு. இறுதிச் சடங்குக்குப் போய்வரவாவது அவரை விட வேண்டும்.

குடும்பங்களான நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. மோதிரத்தைக் காணோம் என்றதும் ஆயாம்மாவின் பையைச் சோதிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. மறதி நோயில் பொருளை எங்கோ வைத்துவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொல்வது மிகச் சாதாரணம் என்று மருத்துவர்கள் சொல்லியும் கேட்பதில்லை. பணியாளர்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கச் சொல்வதும், எந்த ஊர், என்ன ஆளுங்க என்று துருவுவதும் இன்னும் நடக்கின்றன. அம்மாவின் மலத்தை முகம் சுளிக்காமல் அள்ளுகிறவரிடம் இப்படி நடந்துகொள்வது அநியாயம். கணவரை இழந்தவர்கள், பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளம்பெண்கள் அவர்களில் பலர்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கக் கூடாது, உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் இது; அதே அக்கறை முதியோர் இல்லப் பணியாளர்களுக்கும் வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்று என்று தொடங்கி, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அவற்றின் தரத்தை வகுக்கும் அதிகாரமும் அரசுக்கு இருக்கிறது. அரசு இல்லமானாலும் தனியார் இல்லமானாலும், எத்தனை முதியவருக்கு எத்தனை பணியாளர், வேலை நேரம் எவ்வளவு, பயிற்சி என்ன என்பதெல்லாம் அந்தத் தரத்துக்குள் வரட்டும்.

ஆள் கூடினால் செலவு கூடும். நல்ல கவனிப்பும் வேண்டும், கட்டணமும் ஏறக் கூடாது என்று பேரம் பேசுவதை நிறுத்திக்கொள்வோம். ஏற்றிய பணம் பணியாளரின் சம்பளத்துக்குப் போகிறதா என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

பெரியவர்களை இல்லத்தில் சேர்த்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த மாதமே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுகிறோம். இரவுப் பணியில் எத்தனை பேர், வார விடுமுறை கிடைக்கிறதா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, பணியாளர்கள் படுக்கத் தனி அறை இருக்கிறதா, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை குறித்த உள்ளகப் புகார்க் குழு அமைத்தார்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். புதிதாக இல்லம் தேடுகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் இல்லங்களில் பெற்றோர் வாழும் குடும்பத்தினர்