யந்திரத்துக்குத் தமிழ் கற்பிப்பது யார்?

‘பாவம்’ என்று ஒரு தாளில் எழுதித் தமிழ் தெரிந்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ‘பாவம் செய்தவன் அழுதான்’ என்றிருந்தால் ஒரு விதமாகப் படிப்பார். ‘நர்த்தகியின் முகத்தில் பாவம் ததும்பியது’ என்றிருந்தால் முதல் எழுத்தைக் கனமாக, வேறு விதமாகப் படிப்பார். எழுத்து என்னவோ ஒன்றுதான். ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்று சொற்களிலும் வருவது ஒரே ககரம். ஆனால் மூன்று இடத்திலும் ஒலி வேறு. ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்டுக் கேட்டே அது தெரிந்துகொள்கிறது.

யந்திரத்தின் கதை அப்படியல்ல. அதற்கு எல்லாவற்றையும் யாராவது கற்பித்தாக வேண்டும். தமிழைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளவும், வாயால் பேசவும் யந்திரத்துக்குக் கற்பிக்கும் வேலை இன்று மும்முரமாக நடந்து வருகிறது. அதை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு நாள் தொடர்ந்து செய்ய முடியும் என்பவை விஞ்ஞானிகள் மட்டும் கவலைப்பட வேண்டிய கேள்விகள் அல்ல. சர்க்கார் காரியங்களும் பாங்கிக் காரியங்களும் கைபேசிக்குள் புகுந்துவிட்ட காலம் இது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அந்தக் கதவைத் திறக்க அவரிடம் உள்ள ஒரே சாவி அவருடைய குரல்தான்.

இதை உணர்ந்துதான் மத்திய சர்க்கார் இந்திய மொழிகளுக்கென்று ‘பாஷிணி’ என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. 2022 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி காந்திநகரில் அதைத் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டத்தின் பேச்சு சம்பந்தமான பணிகளில் முக்கியமான பங்கு சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தது.

மான்கள் உலவும் வளாகத்தில்

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கப்பட்ட ஸ்தாபனம் சென்னை ஐ.ஐ.டி. கிண்டி வனத்தை ஒட்டிய அந்த வளாகத்தில் இன்றும் புள்ளிமான்கள் உலவுகின்றன. அங்கே பேச்சொலி ஆராய்ச்சி நேற்று முளைத்ததல்ல. பேராசிரியர் பி. யக்ஞநாராயணா 1980இல் அங்கு வந்து, 2006 வரை கம்ப்யூட்டர் விஞ்ஞானத் துறையில் பணியாற்றினார். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஹேமா மூர்த்தி பிறகு அதே துறையில் பேராசிரியரானார். மின் பொறியியல் துறையில் பேராசிரியர் எஸ். உமேஷ் தலைமையில் இன்னொரு பேச்சொலிக் கூடம் வளர்ந்தது. 2022இல் நந்தன் நீலேகணி தம்பதியின் அறக்கொடை 36 கோடி ரூபாயைக் கொண்டு ‘ஏ.ஐ.4பாரத்’ என்ற மையமும் அங்கே அமைந்தது.

இவர்கள் எல்லோருடைய வேலைக்கும் அடியில் இருப்பது ஒரே சாஸ்திரம். என்ஜினீயர்கள் அதை ‘சிக்னல் பிராசஸிங்’ என்பார்கள். ஒலியோ, படமோ, இருதயத் துடிப்போ, எதுவானாலும் அதை எண்களாக மாற்றி, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழித்துப் பொருள் காணும் கலை என்று அதைச் சொல்லலாம்.

ஒலி எண்ணாகும் விதம்

டெலிபோனில் ‘ஹலோ’ என்கிறோம். அந்த ஒலியலையை ஒரு விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக்குகிறார்கள். ஏன் 8,000? ஓர் அலையில் உள்ள மிக வேகமான அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால், அந்த எண்களைக் கொண்டே மூல அலையை மீண்டும் வரைந்துவிடலாம். அமெரிக்க விஞ்ஞானி கிளாட் ஷன்னான் 1949இல் இதைக் கணிதமாக நிறுவிக் காட்டினார். பழைய டெலிபோன் வழியே செல்லும் பேச்சில் விநாடிக்கு 3,400 அதிர்வுகளுக்கு மேல் போவதில்லை. ஆகவே 8,000 போதுமானது.

அடுத்தபடியாக, இந்த எண் வரிசையைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒரு துண்டு ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது 200 எண்கள். அதற்குள் எந்தெந்த அதிர்வு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ‘ஆ’வுக்கு ஒரு சாயல், ‘ஈ’க்கு வேறு சாயல் தெரியும். இந்தப் பிரிக்கும் கணக்கு ஒரு காலத்தில் யந்திரத்தையே திணறவைத்தது. 1,024 எண்களுக்கு நேர்வழியில் செய்தால் 10,48,576 பெருக்கல்கள். 1965இல் கூலி, டூக்கி என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட குறுக்கு வழியில் ஏறக்குறைய 5,000 பெருக்கல்களே போதும். இன்று சட்டைப் பையில் கிடக்கும் கைபேசி பேச்சைக் கேட்டுப் பதில் சொல்கிறதென்றால், அதற்கு வழி திறந்தவற்றில் இந்தக் கணக்கும் ஒன்று.

யாரும் திரும்பிப் பார்க்காத பாதி

அலையில் இரண்டு சமாசாரங்கள் உண்டு. ஒவ்வோர் அதிர்வும் எவ்வளவு வலுவானது என்பது ஒன்று. ஒவ்வொன்றும் எப்போது வந்து சேர்கிறது என்பது மற்றொன்று. மேளக் கச்சேரியில் நாயனம் எவ்வளவு உரக்க ஒலித்தது, தவில் எவ்வளவு உரக்க ஒலித்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு, எது முன்னே எது பின்னே என்பதை விட்டுவிட்டால் எப்படி? பேச்சு ஆராய்ச்சியில் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. வலுவை எடுத்துக்கொண்டார்கள், நேரத்தை விட்டுவிட்டார்கள். அதைக் கையாளுவது கஷ்டம் என்பதே காரணம்.

சென்னைக் கூடம் அந்தப் பாதியைக் கையில் எடுத்தது. ஒவ்வோர் அதிர்வும் எவ்வளவு தாமதித்து வருகிறது என்ற கணக்கிலிருந்தே உயிரொலிகளின் சாயலைக் கண்டுபிடிக்கும் முறையை, ஹேமா மூர்த்தியும் யக்ஞநாராயணாவும் 1991இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அன்று அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால், ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் சொல்லியிருக்க முடியும்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். இந்திய மொழிகளுக்கு எழுத்தைப் படித்துக் காட்டும் யந்திரம் தேவைப்பட்டது. பல கல்வி நிலையங்கள் மத்திய சர்க்காரின் பண உதவியோடு கூட்டாக அந்த வேலையில் இறங்கின, சென்னை முன்னின்றது. 13 மொழிகளில் ஆண் குரலும் பெண் குரலும் பதிவு செய்யப்பட்டன. அந்தப் பதிவுகளை அசை அசையாக வெட்ட வேண்டும். ‘ம-ரம்’, ‘வீ-டு’ என்று நம் மொழிகள் அசையாகவே நடப்பவை. மணிக்கணக்கான பேச்சில் அசை எங்கே முடிகிறது என்று கையால் குறிப்பது லேசான வேலையா? அங்கே கைகொடுத்தது அந்தப் பழைய தாமதக் கணக்குதான். இந்த யந்திரக் குரல்கள், கண் பார்வையற்றோருக்குக் கம்ப்யூட்டர்த் திரையைப் படித்துக் காட்டும் சாதனங்களிலும் சேர்க்கப்பட்டன. பலன் கேட்காமல் போட்ட விதை, கண்ணில்லாதவருக்குக் கண்ணாக முளைத்தது. பல்கலைக் கழக ஆராய்ச்சிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

ஒரு தமிழா, பல தமிழா?

பேசுவதாவது பரவாயில்லை; கேட்பதுதான் பெரும் பாடு. யந்திரம் பேசும்போது ஒரு குரல் போதும். கேட்கும்போது கோடிக்கணக்கான குரல்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘வந்துகொண்டு’ என்பது புத்தகத் தமிழ். வாயில் அது ‘வந்துகிட்டு’, ‘வந்துட்டு’, ‘வந்துக்கினு’, ‘வந்துண்டு’ என்று ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப உருமாறுகிறது. நடுவில் ‘பஸ் ஸ்டாண்டு’, ‘ஆபீஸ்’, ‘டோக்கன்’ வேறு. ரேடியோச் செய்தியை மட்டும் கேட்டு வளர்ந்த யந்திரம் ரேஷன் கடை வாசலில் நிற்கும் மூதாட்டியிடம் விழிக்கத்தான் செய்யும். அவர் தப்பாகப் பேசவில்லை. யந்திரத்துக்கு அவர் ஊர்த் தமிழை யாரும் கற்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

கற்பிப்பதற்கு வேண்டியது பதிவு செய்த பேச்சு. இங்கேதான் எண்கள் சுருக்கென்று தைக்கின்றன. அமெரிக்காவின் ‘ஓபன் ஏ.ஐ.’ நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ என்ற கேட்கும் யந்திரம் கற்றது 6,80,000 மணி நேரப் பேச்சு. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளின் பேச்சு, எல்லாம் சேர்த்தே 1,17,000 மணி நேரம்தான். அந்த யந்திரத்தை நிறுவனம் பொதுவில் கொடுத்தது. எந்தப் பேச்சைக் கேட்டு அது கற்றதோ அந்தப் பதிவுகளைக் கொடுக்கவில்லை.

சென்னை மையம் வேறு வழியில் சென்றது. 2024இல் அது வெளியிட்ட ‘இண்டிக் வாய்ஸஸ்’ தொகுப்பில் 22 மொழிகளில் 7,348 மணி நேரப் பேச்சு இருந்தது. 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேர் பேசியது அது. அதிலும் எழுதிக் கொடுத்ததைப் படித்தது 9 சதவிகிதமே, 74 சதவிகிதம் மனத்தில் பட்டதைத் தம் போக்கில் பேசியது, மீதி உரையாடல். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அது பொதுவில் வைக்கப்பட்டது. இது பெருமைப்பட வேண்டிய காரியமே. ஆயினும் 22 மொழிகளுக்குப் பங்கிட்டால் சராசரியாக மொழிக்கு 334 மணி நேரம். அதிலும் வெளியிட்டபோது எழுத்தில் பெயர்க்கப்பட்டிருந்தது மொத்தத்தில் 1,639 மணி நேரம்தான். பேச்சைப் பிடிப்பது பாதி வேலை. மனிதர் உட்கார்ந்து கேட்டு எழுதுவது மறு பாதி. அதற்கு ஆளும் வேண்டும், கூலியும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

வகுப்பறையின் பங்கு

இன்று ஒரு மாணவன் சிக்னல் கணக்கைத் தொடாமலேயே பேச்சு யந்திரம் செய்துவிட முடியும். பிறர் பழக்கிவைத்த யந்திரத்தை எடுத்து, தமிழ்ப் பதிவைக் கொட்டினால் ஏதோ ஒன்று வரும். வருவது சரியாக இருக்கும் வரையில் தொல்லையில்லை. ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று யந்திரம் கேட்டால், குற்றம் மைக்கிலா, பேசியவர் நாக்கிலா, வெட்டிய துண்டிலா, கற்பித்த பதிவிலா என்று கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? அங்கே ஷன்னான் கணக்கும் அதிர்வுக் கணக்கும் தெரிந்தவன்தான் கை வைக்க முடியும். சமையல் தெரியாதவன் ஓட்டலில் வாங்கிப் பரிமாறலாம். உப்புக் கூடிப்போனால் அவனுக்கு வழி தெரியாது.

நல்ல வேளையாக, இந்தப் பாடம் வளாகத்துச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய ‘என்.பி.டி.இ.எல்.’ திட்டத்தில் சிக்னல் பாடங்களைக் கிராமத்து மாணவனும் காசில்லாமல் பார்க்கலாம். 2023இல் சென்னை ஐ.ஐ.டி. இணையம் வழியே எலெக்ட்ரானிக்ஸ் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது அதிலும் இந்தப் பாடத்துக்கு இடம் கொடுத்தது.

பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்றால், அங்கேதான் ஆராய்ச்சியும் போதனையும் கைகோத்துக்கொள்கின்றன. ஆங்கிலப் பேச்சைக் கேட்டு எழுதி, தமிழில் பெயர்த்து, தமிழ்க் குரலில் பேசவைக்கும் முறையை அதே ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் அந்தப் பாடங்களின்மீதே பிரயோகித்து வருகிறார்கள். இது எளிதல்ல. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவில் வரும் வினைச்சொல், தமிழில் கடைசியில் வருகிறது. ஆசிரியர் பலகையில் கோடு போடும் கணத்தில் தமிழ்க் குரல் வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே யந்திரம் செய்ததை மனிதர் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

இனி என்ன?

அறக்கொடை ஒரு நாள் தீரும். சர்க்கார்த் திட்டத்துக்கும் கெடு உண்டு. பட்டம் பெற்ற இளைஞனுக்குப் பெரிய கம்பெனி கொடுக்கும் சம்பளத்தை ஆராய்ச்சிக் கூடம் கொடுக்க இயலாது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் இடத்துக்கு அடுத்தவனைத் தயார் செய்யும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி. யக்ஞநாராயணாவின் வகுப்பிலிருந்து ஒரு ஹேமா மூர்த்தி வந்தது போன்ற தொடர்ச்சியைத் திட்ட அறிக்கையில் எழுதி வாங்க முடியாது. அது நிலையான வேலையும் நிதானமான காலமும் உள்ள இடத்தில்தான் உண்டாகும்.

இந்தச் சுமை முழுவதையும் கிண்டியே சுமக்க வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலியிலும் மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் பல்கலைக் கழகங்கள் இருக்கின்றன. தமிழ்த் துறையும் எலெக்ட்ரானிக்ஸ் துறையும் ஒன்று சேர்ந்து, தங்கள் சுற்றுவட்டாரப் பேச்சைச் சம்மதத்தோடு பதிவு செய்து, மாணவர்களைக் கொண்டே எழுத்தில் பெயர்க்கச் செய்யலாம். மாணவனுக்கு அது சிக்னல் பாடம். தமிழுக்கு அது சொத்து. அவரவர் ஊர்த் தமிழை அவரவரைவிட நன்றாக எழுதக் கூடியவர் யார்?

யந்திரங்கள் தமிழைக் கற்கத்தான் போகின்றன. அதில் சந்தேகமில்லை. எந்தத் தமிழை, யாரிடமிருந்து, யாருக்குச் சொந்தமான பதிவிலிருந்து என்பதை மட்டும் இப்போது தீர்மானிக்கலாம். ரேஷன் கடை வாசலில் நிற்கும் மூதாட்டி தம் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. யந்திரத்துக்குத்தான் இன்னும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.