சிங்களம் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பாடசாலை எதற்கு?

சப்ரகமுவ தோட்டங்களின் தமிழ் இளையோர் பெரும்பான்மைச் சமூகத்தோடு இணங்கிப் போகிறார்களா என்று இன்னமும் கேட்கிறார்கள். விடை எப்போதோ கிடைத்துவிட்ட கேள்வி இது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இரண்டிலும் சிங்களவர் 85 சதவீதத்துக்கு மேல் என்கிறது 2012 குடிசன மதிப்பீடு. நுவரெலியாவைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தோட்டமே விரிந்து கிடக்கும் பிரதேசமல்ல இது. தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் தேயிலை மலையும் இறப்பர் மலையும் கிராமத்து வயலோடு ஒட்டியே கிடக்கின்றன. பஸ்ஸிலும் கடையிலும் கிரிக்கெட் மைதானத்திலும் வெசாக் தன்சலிலும் லயத்துப் பிள்ளை சிங்களத்தைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது. இந்தத் தலைமுறையைக் குடியேறிகளின் வாரிசு என்று அழைப்பதே விந்தைதான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரிடமிருந்து பறித்த பிரஜாவுரிமையை 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கூறுபோட்டது. மிச்சமிருந்த சிக்கலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. இன்று 15 வயதில் இருக்கும் பிள்ளை அதற்குப் பின் பிறந்தது. அது தன் பங்குக்கு இணங்கிவிட்டது. இணங்காமல் நிற்பது அரசின் பாடசாலை நிர்வாகம்.

சாதாரண தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளை தமிழில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பினால், பக்கத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. ஹட்டனிலோ கொழும்பிலோ தங்கிப் படிக்கப் பால்வெட்டிலும் கொழுந்திலும் வரும் சம்பளம் போதாது. கலைப் பிரிவோடு திருப்திப்பட வேண்டும். இல்லாவிட்டால் முதலாம் வகுப்பிலேயே சிங்களப் பாடசாலையில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது வழியைத் தேர்ந்த பெற்றோரை இனத்தை விற்றவர்கள் என்று மேடையில் ஏசுவது சுலபம்; ஏசுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடும். ஆனாலும் அந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. சமயம் சாதாரண தரம்வரை கட்டாயப் பாடம். இந்து சமய ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளை பௌத்தத்தைத்தான் படித்து எழுதும். பாடப் புத்தகத்தை அம்மாவால் வாசிக்க முடியாது. பெற்றோருக்கு வரும் கடிதத்தையும் படிவத்தையும் பிள்ளையே வாசித்துச் சொல்கிறது. வீட்டில் யார் பெரியவர் என்பதே தடுமாறுகிறது. போதனாமொழி மாறினால் என்னவாகும் என்பதற்கு நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையோரம் சாட்சி. அங்கே கத்தோலிக்கப் பாடசாலைகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. பாட்டி தமிழில் செபம் சொன்ன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம்மைச் சிங்களவராகவே பதிகிறார்கள். விரும்பி மாறியவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. வேறு பாடசாலை இல்லாததால் மாறியதை விருப்பம் என்று எழுதிவைப்பதைத்தான் ஏற்க முடியாது.

தமிழ்ப் பாடசாலை பிள்ளைகளைப் பிரித்து வைக்கும், ஒன்றாகப் படித்தால்தானே நல்லிணக்கம் என்று நல்லெண்ணத்தோடு வாதிடுகிறவர்கள் உண்டு. ஜோன் பெரியும் சக ஆய்வாளர்களும் 13 நாடுகளின் குடியேறிக் குடும்பத்து இளையோரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட நூல் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. சொந்தப் பண்பாட்டையும் புதிய சமூகத்தையும் சேர்த்தே பற்றிக்கொண்டவர்கள்தான் மனநலத்திலும் படிப்பிலும் பழக்கத்திலும் நன்றாக இருந்தார்கள். இரண்டிலும் காலூன்றாதவர்கள் தடுமாறினார்கள். பாகுபாட்டை உணர்ந்தவர்களின் நிலையும் மோசமாகவே இருந்தது. பெரும்பான்மையோடு கலந்தால் மட்டும் போதாது என்பதை நம் அனுபவமும் சொல்கிறது. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, பக்கத்துக் கிராமத்தோடு சிங்களத்தில் பேசிப் பழகியவர்களும்தான் உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் போனார்கள். மொழி தெரிந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. சிங்களம் வேண்டாம் என்பதல்ல எமது வாதம். தமிழ்ப் பாடசாலையில் அது இரண்டாம் மொழியாக, எழுதவும் வாசிக்கவும் வரும்படி, தகுதியான ஆசிரியரால் கற்பிக்கப்பட வேண்டும். பேச்சு மட்டும் கைவந்த பிள்ளை அரச பரீட்சையில் தோற்றுத்தான் போகும்.

மாணவர் தொகை குறைவு, தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஆசிரியர் கிடைப்பதில்லை என்ற ஆட்சேபம் கனமானது. ஒவ்வொரு தோட்டத்திலும் உயர்தர வகுப்பு நடத்த முடியாது என்பது உண்மை. அதனால்தான் இரத்தினபுரி, பலாங்கொடை, நிவித்திகல, தெஹியோவிட்ட ஆகிய நான்கு கல்வி வலயங்களிலும் ஏற்கெனவே இருக்கும் தமிழ்ப் பாடசாலைகளில் வலயத்துக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்து, விஞ்ஞான, கணிதப் பிரிவுகளும் ஆய்வுகூடமும் விடுதியும் கொடுக்கச் சொல்கிறோம். ஆசிரியர் நியமனம் பெற்று வந்து இரண்டொரு வருடத்தில் இடமாற்றம் வாங்கிப் போவதைத் தடுக்க, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கு இப்பகுதிப் பிள்ளைகளையே தனி ஒதுக்கீட்டில் சேர்த்துச் சொந்த வலயத்துக்கு அனுப்பலாம். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை எந்தத் தேசிய மொழியிலும் கற்கும் உரிமையைத் தருகிறது. எண்ணிக்கை இத்தனை இருந்தால்தான் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மாகாணப் பாடசாலைகளுக்குப் பொறுப்பான சப்ரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. தெரிவான உறுப்பினர் இல்லாத நிலையில் பதில் சொல்ல வேண்டியவர் ஆளுநர். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அந்த நான்கு பாடசாலைகளின் பெயரை அவர் அறிவிக்க வேண்டும்.