மரை தேய்ந்த 'வெரி'

ஆங்கிலத்தில் நமக்கு முதலில் ஒட்டிக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'வெரி'. வெரி குட், வெரி பேட், வெரி ஸாரி! வேலைக்கு மனு எழுத உட்கார்ந்தால் ஒரு 'வெரி' போதாது என்று தோன்றும். 'வெரி வெரி இன்ட்ரஸ்டெட்' என்று இரண்டாகப் போட்டுவிடுவோம். இரண்டு போட்டால் மதிப்பும் இரண்டு மடங்காகுமா? ஆகாது என்பதுதான் என் கட்சி. அதற்குச் சாட்சி அந்தச் சொல்லின் கதையே!

முதலில் ஒரு ரகசியம்: 'வெரி' ஆங்கிலேயரின் சொந்தச் சொத்தே இல்லை. ஆதி ஆங்கிலத்தில் 'மிக' என்று சொல்ல 'ஸ்வீதெ' என்றொரு சொல் இருந்தது. 'வலுவாக' என்பது அதன் பொருள். வலுவான அந்தச் சொல்லே வழக்கொழிந்து போயிற்று! 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. அப்படி வந்ததுதான் 'வெரி'. அதன் பொருள் 'உண்மையான'. லேபில் ரீடிங்கை 'வெரிஃபை' பண்ணுகிறோமே, அதுவும் இதே லத்தீன் வேரிலிருந்து முளைத்ததுதான். 1400-ல் மறைந்த கவிஞர் சாஸர், 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஒரு வீரரை அறிமுகப்படுத்தும்போது, இந்தச் சொல்லை 'உண்மையான' என்ற பொருளில்தான் எழுதுகிறார்.

'மெய்யாகவே' என்று சத்தியம் பண்ணப் பயன்பட்ட சொல், எதற்கெடுத்தாலும் சத்தியம் பண்ணிப் பண்ணி வெறும் 'ரொம்ப' ஆகிவிட்டது. பிறகு 'ரியலி' வந்தது. அதுவும் அதே கதி. 'எழுத்துக்கு எழுத்து அப்படியே' என்ற பொருள் கொண்ட 'லிட்ரலி'யும் இன்று அதே வரிசையில் நிற்கிறது. "சிரிச்சு சிரிச்சு லிட்ரலி செத்துட்டேன்" என்கிறவர் நம் கண்ணெதிரே உயிரோடுதானே இருக்கிறார்!

வலிக்கும் இதே கதைதான். 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'சோர்' என்றால் வலி. 1611-ல் வெளியான ஆங்கில பைபிளில் அது 'மிகவும்' என்ற பொருளிலும் வருகிறது. அதன் ஜெர்மானிய உடன்பிறப்பான 'ஸேர்' இன்றைக்கு வெறும் 'மிக'தான். வலியெல்லாம் எப்போதோ போச்சு!

அடுத்து பயம். 'ஆஃபுல்' என்றால் நடுங்க வைக்கும் என்று பொருள். 'டெரிபிள்' என்றால் அச்சம் தருவது. 'டெரிஃபிக்' என்ற சொல்லை 1667-ல் வெளியான தம் காவியத்தில் மில்டன் பாம்பை வர்ணிக்கப் பயன்படுத்துகிறார். இன்று 'ஆஃபுலி நைஸ்', 'டெரிஃபிக் கேட்ச்' என்றால் யாராவது நடுங்குகிறார்களா? சிரிக்காதீர்கள், "படம் பயங்கரமா நல்லாயிருக்கு" என்று ஹாஸ்டலில் நாமும் அதையேதான் செய்கிறோம். நம்ம 'ரொம்ப' கூட 'நிரம்ப' என்பதன் பேச்சு வடிவம்தான். பழைய ஆங்கிலத்திலும் 'ஃபுல்' என்ற சொல்லுக்கு 'மிக' என்ற வேலை இருந்தது. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு சொற்களை நன்னூல் எண்ணிச் சொல்கிறதே, அவற்றில் எத்தனை இன்று கேன்டீனில் கேட்கிறது?

1754-ல் செஸ்டர்ஃபீல்ட் பிரபு ஒரு பத்திரிகையில் கிண்டலாக எழுதினார். அப்போதைய நாகரிகச் சொல் 'வாஸ்ட்லி', அதாவது 'பரந்து விரிந்து'. ஒரு சீமாட்டி, சின்னஞ்சிறு பொடி டப்பாவைப் பார்த்து, அது 'வாஸ்ட்லி' சின்னதாக இருப்பதால் 'வாஸ்ட்லி' அழகு என்றாராம்! பரந்து விரிந்த சின்ன டப்பா! பெரிய சொல்லைச் சின்ன விஷயத்துக்குச் செலவழித்தால் இதுதான் கதி.

நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், இவையெல்லாம் மரை தேய்ந்த போல்ட்டுகள். மரை தேய்ந்த போல்ட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினால் பிடிக்குமா? சும்மா சுற்றும், அவ்வளவுதான். இரண்டாவது 'வெரி' அந்த இரண்டாவது சுற்று!

"அப்போ ஆசை தீரப் பேசவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் பேசுங்கள். சிக்ஸர் அடித்தவனுக்கு 'சூப்பர்' என்று கத்தாமல் டிகிரியில் கோணமா சொல்வார்கள்? ஆனால் ரெக்கார்டு நோட்டும், ஷிப்ட் லாக் புக்கும், வேலை மனுவும் வேறு. "மோட்டார் ரொம்ப சூடு" என்று எழுதி வைத்துவிட்டுப் போனால், அடுத்த ஷிப்ட்காரர் என்ன புரிந்துகொள்வார்? '85 டிகிரி' என்று எழுதினால் ஓட்டலாமா, நிறுத்தலாமா என்று அவரால் முடிவெடுக்க முடியும். அங்கே ஒரு எண்ணில் ஒரு ஆளின் கை விரல்களே அடங்கியிருக்கலாம். மனுவிலும் 'வெரி ஹார்ட் ஒர்க்கிங்' என்பதைவிட, "லேத்தில் நானே கடைந்த ஷாஃப்ட், அளவு வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர்" என்ற ஒரு வரிக்கு எடை அதிகம்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்த நண்பர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். இன்டர்வியூவில் பெரிய பெரிய ஆங்கில வார்த்தை வரவில்லையே என்று குறுகிப் போகாதீர்கள். அந்தப் பெரிய வார்த்தைகள் இங்கிலாந்திலேயே தேய்ந்து போனவை. தேயாத ஒன்று நம் கையில் இருக்கிறது. அதுதான் அளவு. மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த நாம், வார்த்தையையும் அளந்து பேசுவோம்!