உறையாத தயிர்

போன வாரம் எங்கள் வீட்டில் தயிர் உறையவில்லை. இதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸோடு நிற்கிறவனுக்கு இதுதான் ஸார் தலைப்புச் செய்தி!

"உறைமோர் சரியில்லை" என்றேன். மனைவி முறைத்தாள். அன்று ராத்திரி இரண்டு கிண்ணம் வைத்தாள். ஒன்றில் பால்காரர் பால், இன்னொன்றில் பாக்கெட் பால். இரண்டுக்கும் ஒரே உறைமோர். காலையில் பாக்கெட் பால் கெட்டித் தயிர். மற்றது, ஊற்றினால் பாலாகவே ஓடியது. "இப்ப சொல்லுங்க, தப்பு யார் மேல?"

பால்காரரை விசாரித்தேன். "மாட்டுக்கு மடிவீக்கம் சார். டாக்டர் ஊசி போட்டாரு."

விஷயம் அவ்வளவுதான். மாட்டுக்குப் போட்ட பென்சிலின் பாலோடு வந்துவிடும். நோய்க்கிருமியைக் கொல்கிற மருந்து, தயிர் பண்ணுகிற நல்ல பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்குமா? காய்ச்சினாலும் முழுசாகப் போகாது.

பால் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் ஏறக்குறைய என் மனைவி செய்ததுதான். சின்னக் குப்பியில் ஊதா நிற ஜெல்லி, அதற்குள் தூங்குகிற ஒரு பாக்டீரியா. துளிப் பால் விட்டு, 64 டிகிரி சூட்டில் சுமார் 3 மணி நேரம் வைப்பார்கள். பாக்டீரியா விழித்து வளர்ந்தால் அமிலம் சுரந்து ஜெல்லி மஞ்சளாகும், பால் பாஸ். ஊதாவாகவே இருந்தால் மருந்து இருக்கிறது. பென்சிலினுக்குச் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதாவது, பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் நூறு. அத்தனைக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன்!

2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77-ல் ஆன்டிபயாடிக் வரம்பு மீறியிருந்தது. நூற்றுக்கு ஒன்றுதானே என்று விட முடியாது. சிலருக்குப் பென்சிலின் அலர்ஜி. தவிர, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக் கிருமிகள் பழகிவிட்டால், நாளைக்கு நமக்கு நிஜமாகவே ஜுரம் வரும்போது மருந்தைப் பார்த்துச் சிரிக்கும்.

"மருந்து அட்டையில நாலு நாள் பால் விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே?" என்றேன் பால்காரரிடம்.

"நாலு நாள் பாலைக் கீழ ஊத்தினா என் வீட்ல உலை எப்படி சார் கொதிக்கும்?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். உள்ளேயிருந்து மனைவி குரல்: "ஊசி போட்டா சொல்லிடுங்க. அந்த நாலு நாளுக்கும் காசு பிடிக்க மாட்டோம்."

"ஏன்?" என்றேன் பதறி.

"உங்களுக்கு மட்டும்தான் சம்பளத்தோட மெடிகல் லீவா?"