ஆளில்லாத் தீவும் ஒரு பினாமிப் பத்திரமும்

உக்கடம் டீக்கடைகளில் உலக அரசியல் பேசாத நாள் கிடையாது. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் யாராவது ஒருத்தர் தீர்ப்பு சொல்லிவிடுவார். "என்ன இருந்தாலும் அமெரிக்காக்காரன் வெள்ளைக்காரனாட்ட எவன் நாட்டையும் புடிச்சு ஆளலைங்க!" சுத்தி நிக்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

தலையாட்ட வேண்டாம் நண்பர்களே. இது பச்சைப் பொய்.

1898-ல் ஸ்பெயினைப் போரில் தோற்கடித்த அமெரிக்கா, பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்கு எழுதி வாங்கியது. போர்ட்டோ ரிக்கோ, குவாம் தீவுகளும் அதே கணக்கில் வந்தன. அதே வருடம் ஹவாயையும் இணைத்துக்கொண்டது. ஆனால் வாங்கிய பிலிப்பைன்ஸில் மக்கள் இருந்தார்கள். சுதந்திரம் கேட்டு 1899-லிருந்து துப்பாக்கி தூக்கினார்கள். அந்த நாடு விடுதலையானது 1946-ல்தான்.

இதிலிருந்து அமெரிக்கா கற்ற பாடம் என்ன? "அடுத்தவன் மண்ணைத் தொடக்கூடாது" என்பதா? அதுதான் இல்லை! மண் வேண்டும், மக்கள் வேண்டாம். இதுதான் பாடம். 1940-ல் ஐம்பது பழைய போர்க்கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுத்து, அதன் தீவுகளில் ராணுவத் தளம் போட 99 வருடக் குத்தகை வாங்கியது. 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையே ஒரு திட்டம் போட்டது. காலனி நாடுகள் எல்லாம் சுதந்திரம் வாங்குவதற்குள், ஆள் குறைவாக உள்ள சின்னத் தீவுகளாகப் பார்த்துப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்பதுதான் அது.

அப்படி மாட்டியதுதான் டியாகோ கார்சியா. ஏதோ அட்லாண்டிக் கடலில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 1,800 கி.மீ. கோவையிலிருந்து டெல்லிக்கு ரயில் ஓடும் தூரத்தைவிடக் குறைவு.

இனி வியாபாரத்தைப் பாருங்கள். 1965-ல் மொரீஷியஸுக்கு விடுதலை கொடுக்கும் முன்பே சாகோஸ் தீவுகளை அதிலிருந்து வெட்டித் தனியாக எடுத்துக்கொண்டது பிரிட்டன். 1966-ல் 50 வருடத்துக்கு, வேண்டுமானால் இன்னும் 20 வருடத்துக்கு என்று அமெரிக்காவுக்குக் கொடுத்தது. காகிதத்தில் வாடகை என்று எதுவும் இல்லை. ஆனால் பொலாரிஸ் ஏவுகணை விற்பனையில் பிரிட்டன் தரவேண்டிய தொகையில் 1.4 கோடி டாலர் வரை ரகசியமாகத் தள்ளுபடி ஆனது. இரண்டு நாட்டு மக்கள் மன்றங்களுக்கும் சொல்லவில்லை. பத்திரம் ஒருத்தர் பெயரில், அனுபவிப்பது இன்னொருத்தர், பணம் கணக்கில் வராத வழியில். இதற்கு நம் ஊரில் பெயர் பினாமி!

தீவில் ஆள் இல்லையா? இருந்தார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள். தென்னிந்தியாவிலிருந்து தென்னந்தோட்ட வேலைக்குப் போன கூலிகளின் வாரிசுகள். அதாவது நம் ரத்தமும் அதில் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களைத் "தற்காலிகத் தொழிலாளர்கள்" என்று காகிதத்தில் எழுதி, 1968 முதல் 1973-க்குள் 1,500 பேருக்கு மேல் கப்பலேற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களை அடைத்து வைத்துப் புகையால் கொன்றார்கள். உக்கடம் மேம்பாலத்துக்காக சி.எம்.சி. காலனி வீடுகளை இடித்தபோது, மாற்று வீடு எங்கே என்று கேட்பதற்கு ஒரு கலெக்டர் ஆபீஸாவது இருந்தது. சாகோஸ்காரர்களுக்கு அதுவும் இல்லை.

காலி செய்த அந்த மண்ணிலிருந்துதான் 1991-ல் ஈராக்குக்கும், 2001-ல் ஆப்கானிஸ்தானுக்கும், 2003-ல் மறுபடி ஈராக்குக்கும் குண்டு விமானங்கள் கிளம்பின. வல்லரசு என்பது வானத்திலிருந்து குதித்த ஒன்றல்ல. அதற்கு ஓடுபாதை வேண்டும், ஓடுபாதைக்கு இடம் வேண்டும்.

"சீனா வந்துருமுங்க, அதுக்கு அமெரிக்கா பரவாயில்லை" என்று சிலர் கிளம்புவார்கள். சரி, சீனாவைப் பார்த்துப் பயப்படுவது நியாயமாகவே இருக்கட்டும். அந்தப் பயத்துக்கு விலையாகத் தன் வீட்டைக் கொடுக்கவேண்டியவன் சாகோஸ்காரனா? கேட்காமல் பிடுங்கியதற்குப் பெயர் பாதுகாப்பா? 2019-ல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று கருத்து சொன்னது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, இந்தியாவும்தான். எதிர்த்தவை ஆறே நாடுகள். அதில் ஒன்று அமெரிக்கா.

2025 மே 22-ல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டன. அதன்படி தீவுகள் மொரீஷியஸுக்கு. ஆனால் டியாகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகை. வருடத்துக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு வாடகை கட்டுவது பிரிட்டன், குடியிருப்பது அமெரிக்கா! மற்ற தீவுகளில் சாகோஸ்காரர்கள் குடியேறலாம், டியாகோ கார்சியாவில் கூடாது.

இதெல்லாம் யாரோ எவரோ கதை என்று தோன்றினால் இதையும் கேளுங்கள். 2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பிய இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி இந்தத் தீவில் ஒதுங்கியது. 89 பேர். அவர்களில் இந்திய அகதி முகாம்களில் வாழ்ந்தவர்களும் உண்டு. உக்கடத்திலிருந்து பேரூர் ரோட்டில் மேற்கே போனால் பூலுவப்பட்டியில் இருக்கிறதே, அது மாதிரி முகாம்கள். வேலி போட்ட இடத்தில் கூடாரங்களில் மூன்று வருடம் வைத்திருந்தார்கள். 2024 ஜூலையில் அங்கே நடக்கவிருந்த வழக்கு விசாரணைக்கு வக்கீல்களை வரவிடாமல் அமெரிக்கா தடுத்தது. காரணம், பாதுகாப்பாம்! விசாரணை தள்ளிப்போய் நடந்தது. டிசம்பரில் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் தீர்ப்பும் வந்தது.

தீர்ப்பு சொன்னது பிரிட்டன் ஆட்சியின் கோர்ட். அந்தக் கோர்ட்டுக்கே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொன்னது அமெரிக்கா. அப்படியானால் அந்த மண்ணை ஆள்வது யார்?

அடுத்த முறை டீக்கடையில் "எவன் நாட்டையும் புடிக்கலைங்க" என்று யாராவது ஆரம்பித்தால், தலையாட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.