நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை: வெட்டிய பிறகு யார் பொறுப்பு?

2024 ஏப்ரல் மாதம் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், உடல் நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்காகச் சென்னை பம்மலில் உள்ள தனியார் மருத்துவமனையொன்றில் அனுமதிக்கப்பட்டார். சத்திரசிகிச்சை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவரது நிலைமை மோசமடைந்தது. வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றும் காப்பாற்ற முடியவில்லை. தமிழ்நாடு அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த மருத்துவமனையின் அனுமதி தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

அந்தச் செய்தி எங்கள் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. “இதெல்லாம் தேவையா?” என்று ஒரு தரப்பும், “நல்ல டொக்டரிடம் போயிருக்க வேண்டும்” என்று மறு தரப்பும் எழுதினார்கள். இரண்டு நாளில் எல்லோரும் மறந்துபோனார்கள். சத்திரசிகிச்சை மேசையில் இறந்தவரைப் பற்றி இரண்டு நாளாவது பேசினோம். மேசையிலிருந்து எழுந்து, வீட்டுக்கு வந்து, நிறை குறைந்து, எல்லோரிடமும் பாராட்டு வாங்கி, பிறகு நான்கைந்து வருடங்கள் கழித்து இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அவர்களில் ஒருத்தி.

கிளிநொச்சியில் பிறந்து, திருமணமாகித் திகனயில் வாழ்கிறேன். 2019இல் கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் எனக்கு இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது என் நிறை 121 கிலோ. நீரிழிவும் இருந்தது. ஒன்றரை வருடத்தில் 78 கிலோவுக்கு இறங்கினேன். நீரிழிவு மாத்திரையை வைத்தியர் நிறுத்தினார். இன்று 92 கிலோவில் நிற்கிறேன். நெஞ்செரிவு மாத்திரை இல்லாமல் ஒரு நாளும் கழிவதில்லை. இன்னொரு சத்திரசிகிச்சை செய்வதைப் பற்றி யோசிக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆகவே இது எனக்குத் தூரத்து விடயமல்ல.

என்ன செய்கிறார்கள்?

உலகில் இன்று அதிகமாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ எனப்படும் முறை. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றிவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக் குழாயாக விடுகிறார்கள். வெட்டியது மீண்டும் வளராது. பழையபடி ஆக்கவும் முடியாது. மற்றது ‘பைபாஸ்’. இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பையொன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைப்பார்கள்.

இவற்றைப் பணக்காரர்களின் அழகுச் சிகிச்சை என்று எண்ணுவது தவறு. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வொன்று, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருப்பதை 2007இல் காட்டியது. பி.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டி 40ஐத் தாண்டியவர்களுக்கும், 35ஐத் தாண்டி வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் இதைச் செய்யலாம் என்பது 1991இல் அமெரிக்காவில் வகுத்த வரையறை. 2022இல் சர்வதேசச் சங்கங்கள் அதைத் தளர்த்தி, 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்றன. குறைந்த நிறையிலேயே நீரிழிவு பிடித்துக்கொள்ளும் ஆசிய உடல்களுக்கு 27.5இலிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார்கள். அதாவது, இனி நம்மவர்களில் இன்னும் பலருக்கு இந்த ஆலோசனை கிடைக்கப்போகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின்னான வாழ்வைப் பற்றி இப்போதே பேச வேண்டியது அதனால்தான்.

பின்னால் வருபவை

முதல் சில வாரங்களில் வரக்கூடிய ஆபத்துகள் மூன்று: தையல் வழியே கசிவு, இரத்தக்கசிவு, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், தாங்கமுடியாத வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. இவற்றைப் பெரும்பாலான வைத்தியசாலைகள் சொல்லி அனுப்புகின்றன.

சொல்லாமல் விடப்படுபவை வருடங்கள் கழித்து வருபவை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலேறுவது அவற்றில் முதன்மையானது. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022இல் வெளியாகின. ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதமானோருக்கு உணவுக்குழாயில் அழற்சி இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் அது 7 வீதம். எண்கள் இப்படி இருக்கும்போது, எனக்கு வந்த நெஞ்செரிவை “சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை” என்று என் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அயலவர் முதல் தாதி வரை எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

இரும்புச்சத்து, பி12, விற்றமின் டி, கல்சியம் ஆகியவை குறைவது அடுத்தது. மாத்திரைகளை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும்; வருடத்துக்கு ஒரு தடவையாவது இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். நிறை வேகமாகக் குறையும் காலத்தில் பித்தக்கற்கள் உருவாகலாம். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பைச் சாப்பிட்டதும் வியர்த்து, படபடத்து, தலைசுற்றி விழக்கூடும். முழங்கால் வலிக்குப் பார்மசியில் கேட்டு வாங்கும் டிக்லோபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அவர்களின் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புகைப்பதும் அப்படியே. பெண்கள் குறைந்தது ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். தயமின் எனப்படும் விற்றமின் பி1 உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் இருப்பில் இருக்கும். சத்திரசிகிச்சை செய்தவர் தொடர்ந்து வாந்தியெடுத்தால் அது தீர்ந்துவிடும். பார்வை இரண்டாகத் தெரிவதும், நடை தள்ளாடுவதும், குழப்பமாகப் பேசுவதும் அதன் அறிகுறிகள். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு கூடும். பக்கத்து வைத்தியசாலைக்கு வாந்தியோடு போகிறவர், “எனக்கு இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது, தயமின் தேவைப்படலாம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அல்லது கூடப் போகிறவர் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தடவை வெட்டுவதா?

திருத்தச் சத்திரசிகிச்சை என்பது முதலாவதை மாற்றியமைப்பது. அமிலத் தொல்லைக்கு ஸ்லீவை வழமையான பைபாஸாக மாற்றுவது பலன் தரும் வழியாகக் கருதப்படுகிறது. நிறை மீண்டும் கூடியதற்காக மட்டும் செய்வதானால் கணக்கு வேறு. இரண்டாம் தடவையில் குறையும் நிறை பொதுவாக முதல் தடவையைவிடக் குறைவு, ஆபத்தோ கூடுதல். வெட்டித் தைத்த இடத்தில் மீண்டும் வெட்டுவதால் கசிவுக்கான வாய்ப்பு அதிகம்.

எனவே வெட்டுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்தால், குழாய் எங்காவது ஒடுங்கியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்று தெரியும். தைராய்டையும், எடுக்கும் மற்ற மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் நிறையைக் கூட்டும். நம்மிடையே அவற்றை எடுப்பவர்கள் பலர். வெளியே சொல்வோர் சிலர்.

இப்போது ஊசிகளும் வந்துவிட்டன. செமாகுளுடைட், டிர்செபடைட் என்ற மருந்துகள் சத்திரசிகிச்சைக்குப் பின் கூடிய நிறையைக் குறைக்கவும் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் செமாகுளுடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. மாதாமாதம் வாங்கும் வசதி யாருக்கு உண்டு என்ற கேள்வி எழுகிறது. குமட்டலும் வாந்தியும் அவற்றின் பொதுவான பக்கவிளைவுகள். ஏற்கெனவே அமிலத்தோடு போராடும் எனக்கு அதுவும் யோசனைதான்.

போர் வயிற்றில் விட்டுப்போனது

மேலே சொன்னவை உலகத்தில் எல்லோருக்கும் பொருந்தும். நமக்கு மட்டும் பொருந்தும் சில உண்டு.

2009 மார்ச்சில் மாத்தளனில் என் வயிற்றில் செல் துண்டு பட்டது. அங்கேயே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். அந்த நிலைமையில் செய்தவர்களுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள். ஆனால் என்ன வெட்டினார்கள், எதை இணைத்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அன்று காகிதம் எழுதிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? பதினைந்து வருடங்களுக்கு மேலான பிறகு, திருத்தச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசும்போது வைத்தியர் முதலில் கேட்டது அந்தத் தழும்பைப் பற்றித்தான்.

அவர் கேட்டதில் காரணம் இருக்கிறது. ஒரு தடவை திறந்த வயிற்றுக்குள் குடல்கள் ஒன்றோடொன்றும் வயிற்றுச்சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். சிறு துளைகள் வழியே கமரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு இந்த ஒட்டல்கள் பெரிய தடை. பைபாஸுக்குக் குடலைத் தூக்கி இணைக்க வேண்டியிருப்பதால், ஸ்லீவைவிட அதில் சிக்கல் கூடும். வயிற்றில் காயம்பட்டுப் பிழைத்தவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். உடலுக்குள் இன்னும் உலோகத் துண்டோடு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பும் அதைச் சொல்லியாக வேண்டும். அவர்களில் யாருக்காவது எந்தச் சத்திரசிகிச்சையாவது தேவைப்பட்டால், முதல் வேலை காயத்தின் கதையை ஒரு தாளில் எழுதுவது: எந்த வருடம், எந்த இடம், எத்தனை நாள் வயிற்றில் குழாய் இருந்தது, கூட இருந்தவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது. ஆவணம் இல்லாதவர்களுக்கு அம்மாவின் ஞாபகம்தான் ஆவணம். என்னுடையதை அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

இன்னொன்று பசி. முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். ஸ்லீவ் செய்த பின் முதல் வாரங்களில் திரவ ஆகாரம்தான். வைத்தியருக்கு அது உணவுப் பட்டியல். எனக்கு அது வேறு. ஒரு வாயோடு நிறுத்த வேண்டிய உடலும், கிடைக்கும்போதே சாப்பிட்டுவிடு என்று பழகிய மனதும் ஒரே ஆளுக்குள் இருப்பது எளிதல்ல. இங்கே மாமி, “இவ்வளவுதான் சாப்பிடுறியா புள்ள?” என்று அன்போடு இன்னொரு கரண்டி போடுவார். சத்திரசிகிச்சைக்கு முன் மனநல மதிப்பீடு செய்ய வேண்டும் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. அந்த மதிப்பீட்டில் போர்க்காலப் பசியையும் கேட்காவிட்டால், நம்மைப் பொறுத்தவரை அது அரைகுறை மதிப்பீடு.

கொழும்புக்கும் ஊருக்கும் இடையில்

சத்திரசிகிச்சை ஒரு நாள் வேலை. கண்காணிப்பு ஆயுள் முழுக்க. முதலாவதைக் காசு கொடுத்து வாங்கலாம்; இரண்டாவது ஊரில் கிடைக்க வேண்டும். திகனயிலிருந்து கொழும்பிலுள்ள கிளினிக்குக்குப் போய்வர எனக்கு ஒரு முழு நாளும் ஒரு நாள் வருமானமும் செலவாகின்றன. முல்லைத்தீவிலிருந்து போகிறவருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

வெட்டிய இடம் தனியார் துறை. வாந்தியோடு ஓடும் இடம் அரச வைத்தியசாலை. அந்த அரச வைத்தியசாலையின் நிலையையும் பார்த்தோம். 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டிவந்தது. அதற்குப் பின் எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். தனியார் வைத்தியசாலைகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சத்திரசிகிச்சையின் முழுக் குறிப்பையும் நோயாளியின் கையில் கொடுப்பதையும், பின்தொடர் கண்காணிப்புத் திட்டத்தை எழுதிக் கொடுப்பதையும் அந்த ஒழுங்குபடுத்தலின் கீழ் கட்டாயமாக்கினால் என்ன?

மொழியும் இருக்கிறது. 1988இல் நிறைவேறிய 16ஆம் திருத்தம் தமிழை நிர்வாக மொழியாகவும் ஏற்றது. எனக்குக் கிடைத்த சம்மதப் படிவமும் உணவு அட்டவணையும் ஆங்கிலத்தில் இருந்தன. எனக்கு வாசிக்க முடிந்தது. வாசிக்க முடியாத ஒருவர் கையெழுத்திடும்போது எதற்குச் சம்மதிக்கிறார்?

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இது பொருந்தும். பிரித்தானியாவில் காத்திருப்புப் பட்டியல் நீளமென்று துருக்கிக்குப் போகிறவர்கள் பலர். 2019 முதல் அங்கே நிறை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போன 7 பிரித்தானியர்கள் இறந்ததாகப் பிபிசி 2023 மார்ச்சில் வெளிப்படுத்தியது. வெட்டியவர் ஒரு நாட்டில், வலி இன்னொரு நாட்டில் என்ற நிலைமை நமக்கு மட்டும் உரியதல்ல.

கேட்க வேண்டியவை

செய்யப்போகிறவர்களும், திருத்தம் செய்ய யோசிப்பவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எனக்கு ஏன் இந்த முறை, ஏன் மற்றது இல்லை? நீங்கள் இதுவரை எத்தனை திருத்தச் சத்திரசிகிச்சைகள் செய்திருக்கிறீர்கள்? நடுச்சாமத்தில் சிக்கல் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா? சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி கிடைக்குமா? ஐந்து வருடம் கழித்து என் இரத்தப் பரிசோதனையை யார் பார்ப்பார்? இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கட்டில் பிடிக்க அவசரப்பட வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை, எண்டோஸ்கோப்பிக்குத் திகதி எடுத்திருக்கிறேன். அழற்சி எவ்வளவு என்று பார்த்த பின்தான் பைபாஸ் பற்றிய முடிவு. நிறையைப் பற்றி இப்போது அவசரமில்லை. நீரிழிவு திரும்பி வரவில்லை என்பதே எனக்குப் போதும். ஆனால் படுத்து உறங்கக்கூடிய ஒரு இரவு வேண்டும். அதற்காக இரண்டாவது தடவை வெட்டச் சம்மதிப்பதானால், மூன்றாவது தடவை யாரும் என்னிடம் “முந்தி என்ன செய்தார்கள்?” என்று கேட்கும் நிலை வரக்கூடாது. இந்த முறை குறிப்பு என் கையில் இருக்கும்.